நான்கு புள்ளி எட்டு

ஏரியின் அடி தெரிகிறதே என்று
ஜெர்மனியிலிருந்து வந்த தம்பதி வியந்தார்கள்.
பதினோரு மீட்டர் ஆழத்தில்
யாரோ தவறவிட்ட துடுப்பு,
கை நீட்டினால் எடுத்துவிடலாம் போல.
இவ்வளவு சுத்தமான தண்ணீரை
எங்கேயும் பார்த்ததில்லை என்றாள் அவள்.
தலையாட்டினேன்.
கலங்க வைக்க இங்கே யாரும் மிச்சமில்லை என்று சொல்ல
என் ஆங்கிலம் போதவில்லை.

நான் குன்வோர். நகராட்சியில் சம்பளம்.
நார்வேயின் தென்கோடி மலையில்
இருபத்தாறு ஏரிகள் என் பொறுப்பு.
குடுவையில் மொண்டு, மின்முனையை முக்கி,
எண் நடுங்கி நிற்கும்வரை காத்திருப்பேன்.
நேற்று நான்கு புள்ளி எட்டு.

ஏழிலிருந்து இரண்டு சொச்சம்தானே இறக்கம்
என்கிறார் கணக்குப் பிரிவு ஓட்வார்.
மாடிப்படி இல்லை ஓட்வார் அது,
ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.
முதல் படியில் பத்து, அடுத்ததில் நூறு,
அதற்கும் கீழே நிற்கிறது என் குடுவை.
உங்கள் நாக்குக்குப் புளிக்காது.
செவுளுக்குத் தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர்
தன் பிள்ளைகள் இருமக் கூடாதென்று
புகைபோக்கியை உயர்த்திக் கட்டியது.
அதில் என்ன குற்றம் சொல்ல?
பிள்ளைகள் இருமவில்லை.
புகை மேலே போனது,
போகும் வழியில் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தது,
எங்கள் மலையில் பனியாய் இறங்கி
குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்தது.
மே மாதம், பனி உருகும் முதல் வாரம்,
சேர்த்து வைத்த அத்தனையையும்
ஒரேயடியாகக் கொட்டியது.
மீன்முட்டைகள் பொரிந்திருந்த வாரமும் அதுதான்.

மண்ணில் உறங்கிக் கிடந்த அலுமினியத்தை
அமிலம் எழுப்பிக் கூட்டிவந்தது.
அதற்கு யார்மீதும் பகையில்லை.
ட்ரௌட் மீனின் செவுளருகே
நீரின் புளிப்பு ஒரு துளி குறைவு;
அங்கே கெட்டியாகி ஒட்டிக்கொண்டது.
நீருக்குள் இருந்தபடியே மூச்சுத் திணறல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு.
அழிவதற்கு முந்தைய சில வருடங்கள்
வலையில் விழுந்தவையெல்லாம் பெரிய மீன்களாம்.
வருடத்துக்கு வருடம் பெரியவை.
கரையில் எடைபோட்டு, படம் எடுத்து, குடித்திருக்கிறார்கள்.
பங்குக்கு வரக் குஞ்சுகளே இல்லாமல்
தனியே தின்று கொழுத்த கிழட்டு மீன்கள்
என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

பிறகுதான் சுண்ணாம்பு.
ஒவ்வொரு கோடையும் படகு நிறையச் சுண்ணாம்புக்கல் மாவு,
குழாயில் பீய்ச்ச,
ஏரி பால் கலந்ததுபோல் வெளுத்துத் தணியும்.
என் புருவம், மதிய ரொட்டி, எல்லாம் வெள்ளை.

போன வருடம் நிறுத்திவிட்டார்கள்.
மழையில் கந்தகம் குறைந்துவிட்டது, உண்மைதான்,
நானே அளந்திருக்கிறேன்.
மண்ணுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.
கழுவிப்போன சுண்ணத்தை
பாறை உதிர்ந்து உதிர்ந்து திருப்பித் தர
எத்தனை காலம் ஆகும் என்று
ஓட்வாரின் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்று காலை
கரையோர பிர்ச் மரத்துப் பறவைப் பெட்டியைத் திறந்தேன்.
நத்தை ஓட்டைக் கொத்தித்தான்
பட்டாணிக்குருவி தன் முட்டைக்கு ஓடு சேர்க்கும்.
மண்ணில் சுண்ணம் இல்லை, அதனால் நத்தை இல்லை.
கூட்டில்
ஈரக் காகிதம்போல் மடங்கிய இரண்டு தோல்கள்,
காய்ந்த மஞ்சள் கரு.
அவற்றின் மேல் நெஞ்சை அழுத்தி
அவள் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்துச் சீறினாள், நகரவில்லை.

மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
காலையில் தின்ற கோழிமுட்டையின் ஓடுகளை
குப்பையிலிருந்து பொறுக்கி, கழுவி,
அடுப்பில் உலர்த்தி,
காப்பிக் கோப்பையின் அடியால் நொறுக்கினேன்.
அரைக் கைப்பிடி.
இருபத்தாறு ஏரிக்கும் அரைக் கைப்பிடி.
ஓட்வார் சிரிப்பார்.

ஜன்னல் விளிம்பில் தூவியிருக்கிறேன்.
மூன்று மணி.
ஒருத்தி வந்து உட்கார்ந்து
தலையை ஒருக்களித்துப் பார்க்கிறாள்.